கொல்லுலையும் பாரவண்டியும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் வாகனத் தொழில் சார்ந்த ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். காரைப் பற்றியும் மோட்டார் சைக்கிளைப் பற்றியும் பேச ஆள் நிறைய உண்டு. நான் எடுத்துக்கொண்டது எஞ்சினே இல்லாத ஒரு வண்டி. 'லோபெட்' என்றும் 'ஆக்சில்' என்றும் ஓட்டுநர்கள் சொல்கிற கனரக டிரெய்லர். அதை இழுக்கிற லாரிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'புல்லர்'. இந்த வண்டியைச் செய்யும் தொழிலை உலகில் தொடங்கி வைத்தவர்களில் பலர் கிராமத்துக் கொல்லர்கள். அந்தத் தொழில் குடும்பம் குடும்பமாக எப்படி வளர்ந்தது, அதே போன்ற உலைகள் இருந்த நம் நாஞ்சில் நாட்டில் ஏன் வளரவில்லை என்பதே இன்றைய பேச்சு.

இந்தப் பொருளுக்கு நாம் கூடியிருக்கும் நாகர்கோவிலைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வருகிறது. காற்றைத் தேடி ஆலைகள் வந்தன. ஆலைகளின் உறுப்புகளைச் சுமந்துகொண்டு டிரெய்லர்கள் வந்தன. கணவாயை அடுத்த முப்பந்தலில் தொடக்க காலத்தில் நிறுவிய இயந்திரங்களில் பல 225 கிலோவாட் திறன் கொண்டவை. சுழலும் வட்டத்தின் விட்டம் 27 மீட்டர். ஒரு இறக்கையின் நீளம் 13 மீட்டர்தான். சற்று நீளமான லாரியில் ஏற்றிக் கயிறு கட்டினால் வேலை முடிந்தது. இன்று நிறுவப்படும் 2, 3 மெகாவாட் இயந்திரங்களின் இறக்கை 60 மீட்டரை நெருங்குகிறது, 70 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. காவல்கிணறு விலக்கில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்னால் புல்லர் திருப்பத்தைக் கடந்து கண்ணுக்கு மறைந்த பிறகும் இறக்கையின் நுனி இன்னும் திருப்பத்துக்கு வந்திருக்காது. பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்புவதற்கென்று ஒருவர் கையில் ரிமோட்டுடன் வண்டியோடு நடந்து வருவார். மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்க ஒருவர், பேருந்தை நிறுத்த ஒருவர், எதிரில் வருகிறவர்களின் ஏச்சைக் கேட்க ஒருவர்.

சாலைக்கு ஒரு பொருளின் மொத்த எடையைப் பற்றிக் கவலையில்லை. ஒரு அச்சின் கீழ் எவ்வளவு இறங்குகிறது என்பதே அதற்குக் கணக்கு. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சில் 10.2 டன்தான் இறங்கலாம் என்றிருந்த வரம்பை 2018-இல் மத்திய அரசு 11.5 டன்னாக உயர்த்தியது. சாதாரணச் சரக்கு வண்டிகளின் மொத்த எடைக்கு இருந்த உச்சவரம்பும் 49 டன்னிலிருந்து 55 டன்னானது. அதற்கு மேல் போகிற சுமைக்குத் தனி அனுமதி, தனி வண்டி. எடையைக் குறைக்க வழியில்லாதபோது அச்சுகளைக் கூட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கூட்டிய அச்சுகள் அத்தனையும் சமமாகச் சுமக்குமா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழர்கள் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்தவர்கள், தேர் இழுத்தவர்கள் ஆயிற்றே. சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டத்தைப் பார்த்தவர்கள் வடம் பிடிப்பவர்களை விட்டுவிட்டுச் சக்கரத்தின் அருகே குனிந்து நடப்பவர்களைக் கவனிக்க வேண்டும். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்துத் திருப்ப வேண்டும், கட்டையைக் கொடுத்தே நிறுத்தவும் வேண்டும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன். அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். கொதிகலன் செய்கிற தொழிற்சாலைக்குத் தேர்வேலை எப்படித் தெரிந்தது என்று வியக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய அனல்மின் நிலையத்துக்குப் போகும் கொதிகலன் டிரம் 200 டன்னைத் தாண்டும். பாரத்தை அசைப்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

தேருக்கு அடுத்தது மாட்டுவண்டி. சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்கள் இந்த அவையில் மூத்தவர்களாகத்தான் இருப்பீர்கள். குடத்தில் ஆரக்கால்களை இறக்கி, வட்டைகளைக் கோத்து ஆசாரி சக்கரத்தை முடித்துத் தருவார். கொல்லர் அதன் சுற்றளவைவிடச் சற்றே குறைந்த அளவில் இரும்பு வளையம் அடிப்பார். வளையத்தைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் சிரட்டையும் வரட்டியும் அடுக்கித் தீ வைப்பார்கள். சிவந்து விரிந்ததும் நாலு பேர் குறட்டால் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி உட்கார வைப்பார்கள். மரம் புகைந்து எரியத் தொடங்கும் நேரத்தில் குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கும்போது வட்டையும் ஆரக்காலும் குடமும் நெறுநெறுவென்று இறுகும். ஆணி இல்லை, பசை இல்லை. அளவு ஒரு விரற்கடை கூடினால் பட்டா கழன்றுவிடும், குறைந்தால் ஆரக்கால் வளைந்துவிடும். கொல்லர் இந்தக் கணக்கை எழுதி வைத்ததில்லை.

இதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு குடும்பம் ஜெர்மனியில் பெடல்பாக் என்ற சிற்றூரில் இருந்தது. கிறிஸ்டியன் ஷாய்யர்லே 1869-இல் அங்கே ஒரு கொல்லுலை தொடங்கினார். குதிரைவண்டியும் விவசாயக் கருவியும் வேலை. குடும்பத்தின் பிந்தைய தலைமுறையில் வந்த வில்லி ஷாய்யர்லே பட்டறையைக் கனரக வண்டிப் பக்கம் திருப்பினார். இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய நாடு. பாலம், மின்நிலையம், தொழிற்சாலை எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். டிரான்ஸ்பார்மரையும் கிரேனையும் கொண்டுபோக வண்டி இல்லை. 1949-இல் ஷாய்யர்லே முதல் தாழ்தள டிரெய்லரைச் செய்தார். 1950-களின் நடுவில் அவர் செய்த காரியம்தான் இந்தத் தொழிலின் திருப்பம்: அச்சுகளை எஃகு வில்லின் மேல் நிறுத்துவதை விட்டுவிட்டு, எண்ணெய் நிரம்பிய ஹைட்ராலிக் சிலிண்டரின் மேல் நிறுத்தினார்.

இதைச் சற்று விளக்க வேண்டும். பத்து அச்சுள்ள வண்டி மேடுபள்ளமான சாலையில் போகிறது. வில் பொருத்திய வண்டியானால் பள்ளத்தில் இறங்கிய சக்கரம் சுமையைக் கைவிட்டுவிடும், மேட்டில் ஏறிய சக்கரம் பக்கத்துச் சக்கரத்தின் பங்கையும் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். டயர் வெடிப்பதும் அச்சு முறிவதும் அங்கேதான். ஹைட்ராலிக் அமைப்பில் ஒரு குழுவைச் சேர்ந்த சிலிண்டர்கள் எல்லாவற்றையும் ஒரே குழாய் இணைக்கிறது. பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தின் சிலிண்டர் எண்ணெயை வாங்கி நீள்கிறது, மேட்டில் ஏறியது எண்ணெயைக் கொடுத்துவிட்டுச் சுருங்குகிறது. குழாய்க்குள் அழுத்தம் ஒன்றுதான் என்பதால் எல்லாச் சக்கரமும் சமமாகச் சுமக்கிறது. சக்கரங்களை மூன்று குழுவாகப் பிரித்துவிட்டால் வண்டி முக்காலியைப் போல எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். சுமையின் ஈர்ப்புமையம் அந்த மூன்று புள்ளிகளின் முக்கோணத்துக்குள் விழ வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அது முக்கோணத்தின் விளிம்பைத் தாண்டினால் 200 டன் பொருளும் சாய்ந்துவிடும். மெதுவாகத்தான் சாயும், ஆனால் எவராலும் தடுக்க முடியாது.

பவேரியாவில் மெம்மிங்கனை ஒட்டிய ஆமண்டிங்கன் ஊரின் கோல்ட்ஹோஃபர் நிறுவனம் தன் வரலாற்றை 1705-இல் இருந்த ஒரு கொல்லுலையிலிருந்து கணக்கிடுகிறது. அலோய்ஸ் கோல்ட்ஹோஃபர் வண்டி கட்டத் தொடங்கியது 1946-இல். விவசாயிகளுக்கு டிரெய்லர், பிறகு தாழ்தள வண்டி, பிறகு துண்டு துண்டாகக் கோத்து நீட்டிக்கொள்ளக்கூடிய பலஅச்சு வண்டி. காற்றாலை இறக்கையை ஒரு முனையில் பிடித்து, 60 பாகை வரை வானத்தை நோக்கித் தூக்கியபடி மலைப்பாதைத் திருப்பங்களைக் கடக்கும் வண்டியும் அவர்கள் செய்வதுதான். அமெரிக்காவில் 1938-இல் தொழில் தொடங்கிய ஆஸ்டின் டால்பர்ட் கொல்லர் அல்லர். கிரேன் போன்ற கட்டுமான இயந்திரங்களோடு புழங்கியவர். பின்பக்கமாக ஏற்றி இறக்குவதில் இருந்த ஆபத்தும் நேர விரயமும் அவருக்குப் பொறுக்கவில்லை. கழுத்துப்பகுதி கழன்று, தளம் தரையில் படிந்து, இயந்திரம் முன்பக்கமாகத் தானே ஏறிக்கொள்ளும் டிரெய்லரை வடிவமைத்தார். கழற்றக்கூடிய 'கூஸ்நெக்' என்று இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்குவது அதுதான்.

ஆக, ஒன்று கொல்லர் சுமை ஏற்றுபவரைத் தேடிப் போயிருக்கிறார், அல்லது சுமை ஏற்றுபவரே கொல்லராக மாறியிருக்கிறார். 1980-களில் நெதர்லாந்தின் மாமூட் என்ற பாரச் சரக்கு நிறுவனம் ஷாய்யர்லேயிடம் போனதும் இந்த உறவின் மற்றொரு வகைதான். தங்களுக்கு இழுக்க லாரியே தேவைப்படாமல் தானே நகரும் வண்டி வேண்டும். பக்கவாட்டில் நடக்க வேண்டும், நின்ற இடத்தில் சுழல வேண்டும். கப்பலில் அனுப்பக் கண்டெய்னர் அளவுக்குள் அடங்கவும் வேண்டும் என்றார்கள். 1984-இல் வண்டி தயார். ஒவ்வொரு சக்கரத்தின் கோணத்தையும் கணினி தீர்மானிக்கும். இயக்குபவர் ஒரு பெட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு கூடவே நடப்பார். இன்று எண்ணெய்க் கிணற்று மேடைகளையும் பாலங்களையும் ஒரே துண்டாக நகர்த்துவது இவ்வகை வண்டிகள்தான்.

இந்தத் தொழில் ஏன் குடும்பங்களிடமே ஒட்டிக்கொண்டது? என் கருத்து இது. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்து விற்கக்கூடிய பொருளாக இருந்தால் பெரிய மூலதனம் வந்து விழுங்கியிருக்கும். கனரக டிரெய்லரில் ஒவ்வொரு ஆர்டரும் ஒரு புதிய கேள்வி. ஐந்து ஆண்டு ஆர்டர் வராமல் போகலாம், ஆறாவது ஆண்டு ஒரே நேரத்தில் மூன்று வரலாம். அந்த ஐந்து ஆண்டும் வெல்டர்களை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் பொறுமை, காலாண்டு லாபம் கேட்கிற பங்குதாரருக்கு இராது. அது ஊரிலேயே வீடும் உலையும் வைத்திருப்பவனுக்குத்தான் இருக்கும். குடும்பத் தொழிலின் குறைகளும் எனக்குத் தெரியும், அதற்குப் பின்னர் வருகிறேன்.

நம் பக்கத்திலும் ஒரு குடும்பம் உண்டு. ஆரல்வாய்மொழியைத் தாண்டி வள்ளியூர், ஏர்வாடி வழியாகப் போனால் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் திருக்குறுங்குடி. 1877-இல் அங்கே பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1911-இல் தொழிலைத் தொடங்கினார், 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார், மதுரையைத் தலைமையிடமாக்கினார். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் கிழித்துவிடுகின்றன என்று, காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னால் ஓட்டி ஆணி பொறுக்க வைத்தார் என்பார்கள். பேருந்து ஓடினால் பழுதாகும், பழுதானால் பட்டறை வேண்டும், பட்டறை இருந்தால் பாகம் தேவைப்படும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரிவாயுக் கலனைத் தாங்களே செய்தார்கள். அவர் 1955-இல் மறைந்த பிறகு பிள்ளைகள் கூட்டுமுயற்சிகளில் இறங்கினார்கள்: 1960-இல் வீல்ஸ் இந்தியா, 1962-இல் சுந்தரம்-கிளேட்டனும் பிரேக்ஸ் இந்தியாவும், 1981-இல் ஆக்சில்ஸ் இந்தியா. சக்கரம், காற்று பிரேக், அச்சு. 1972-இல் பேருந்துகள் நாட்டுடைமையாகி, அவர்களுடைய வழித்தடங்களிலிருந்து பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானபோது அந்தக் குடும்பம் கலங்கவில்லை, ஏனென்றால் அதற்குள் வேறொரு தொழிலின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். கனரக டிரெய்லர் அவர்கள் பெயர் சொல்லும் பொருளாக இருந்ததில்லை. ஆனால் டிரெய்லரிலிருந்து இரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சக்கரமும் பிரேக்கும் அச்சும்தானே.

திருக்குறுங்குடிக்காரருக்குக் கிடைத்த, பேருந்து என்ற அந்த முதல் படி நாஞ்சில் நாட்டில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. இது அன்று திருவிதாங்கூர். 1938 பிப்ரவரியில் மன்னர் ஸ்ரீசித்திரைத் திருநாளின் அரசு தானே பேருந்து விடத் தொடங்கியது. லண்டன் போக்குவரத்திலிருந்து இ.ஜி. சால்டர் என்பவரை வரவழைத்துக் கண்காணிப்பாளர் ஆக்கினார்கள். இங்கிலாந்திலிருந்து காமர் சேசிஸ் வந்தது, அதன்மேல் உடலைத் திருவனந்தபுரத்திலேயே கட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் பெருவழியே திருவனந்தபுரம்-கன்னியாகுமரி சாலைதான். பயணிக்கு அது பெரிய நன்மை, அதில் சந்தேகமில்லை. நேரத்துக்கு வண்டி, டிக்கெட்டுக்குக் கணக்கு. ஆனால் அதுவரை அந்தச் சாலையில் ஓடிய தனியார் விலக வேண்டியதாயிற்று. அவர்களில் யாராவது ஒருவர் பட்டறை வைத்து, பாகம் செய்து, தலைமுறை கடந்து ஒரு தொழிற்சாலையாக வளர்ந்திருப்பாரா என்று இன்று சொல்ல முடியாது. கதவு மூடியது என்பது மட்டும் உண்மை. 1956-இல் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தபோதும் இங்கே பேருந்து அரசின் கையில்தான் இருந்தது.

லாரி உரிமையாளர்கள் மொய்த்த ஊர்களில் வேறு மாதிரி நடந்தது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கும் டேங்கருக்கும் ரிக் வண்டிக்கும் உடல் கட்டுகிறார்கள், கரூரில் பேருந்துக்கு. அங்கே வண்டிக்காரரும் வெல்டரும் ஒரே டீக்கடையில் உட்காருகிறார்கள். "போன தடவை போட்ட சேனல் ஓசூர் மேட்டுல வளைஞ்சு போச்சு, இந்தத் தடவை ரெண்டு இஞ்சு கூட்டிப் போடுப்பா" என்கிற ஒரு பேச்சு, ஒரு வரைபட அலுவலகத்துக்குச் சமம். நம்மிடம் வடசேரியில் கோயில் நகை செய்யும் கைகள் இருக்கின்றன. கடற்கரையில் படகு கட்டும் கைகள் இருக்கின்றன. நுட்பத்துக்குப் பஞ்சமில்லை. பாரச்சுமையைத் தொழிலாகக் கொண்டவர் அந்தக் கைகளின் பக்கத்தில் வந்து குடியேறவில்லை.

சுமையோ வந்துகொண்டேதான் இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான பெரிய பாகங்கள் ரஷ்யாவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, மிதவையில் ஏறி நிலையத்தின் சொந்தத் துறைக்குப் போகின்றன. 2023 செப்டம்பரில் இரண்டு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றி வந்த மிதவை இழுவைக் கயிறு அறுந்து, கரையை எட்டும் தூரத்தில் பாறைகளில் சிக்கியது. ஒவ்வொரு கலனும் 300 டன்னுக்கு மேல். கடலுக்குள் பாறாங்கற்களைக் கொட்டித் தற்காலிகப் பாதை போட்டுத்தான் அவற்றைக் கரைசேர்த்தார்கள். மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு டயர் கொண்ட ஒரு அச்சுவரிசையில் 18 டன் இறங்கலாம், அதில் வண்டியின் சொந்த எடை நாலு டன் என்று வைத்துக்கொண்டால், சுமைக்கு மிஞ்சுவது 14 டன். அப்படியானால் 310 டன் கலனுக்குக் குறைந்தது 23 வரிசை வேண்டும், அதாவது 184 டயர். அத்தனையும் கல் குவித்த பாதையில் சமமாகச் சுமக்க வேண்டும். பெடல்பாக் கொல்லர் சிலிண்டர்களைக் குழாயால் இணைத்தது இப்படிப்பட்ட பாதைகளுக்காகத்தான்.

வண்டி இருந்தாலும் வழி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு மகாராஷ்டிரத்திலிருந்து ஆட்டோகிளேவ் என்னும் ஒரு பெரிய அழுத்தக் கலன் 2019 ஜூலையில் புறப்பட்டது. எடை ஏறத்தாழ 70 டன், உயரம் ஏழரை மீட்டர், வண்டிக்கு 74 சக்கரம். சுமார் 1700 கிலோமீட்டரைக் கடந்து திருவனந்தபுரம் சேர 2020 ஜூலை ஆயிற்று. மரக்கிளை வெட்டி, மின்கம்பி கழற்றி, பாலத்தைப் பரிசோதித்து, நடுவில் ஊரடங்கில் முடங்கி, ஒரு முழு ஆண்டு. எடையைக்கூட அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம். உயரத்தையும் அகலத்தையும் யாருக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது.

இனி குடும்பங்களின் முடிவுக்கு வருகிறேன். பின்னர் சொல்கிறேன் என்ற குறை இதுதான்: உலையை மகனிடம் ஒப்படைக்கலாம், உலையின் மேல் இருக்கும் அக்கறையை ஒப்படைக்க முடியாது. ஷாய்யர்லே நிறுவனம் 1988-இல் ஓட்டோ ரெட்டன்மையர் என்ற தொழிலதிபரின் கைக்குப் போனது. அவர் பிரான்சின் நிக்கோலா, ஜெர்மனியின் காமாக் என்ற மற்ற இரு பழைய வண்டி நிறுவனங்களையும் வாங்கி ஒரே குழுமமாக்கினார். கொல்லரின் பெயர் வண்டியில் இருக்கிறது, வீடு வேறொருவருடையது. கோல்ட்ஹோஃபர் வேறு வழியில் போயிற்று: நிறுவனத்தின் உடைமை அலோய்ஸ் கோல்ட்ஹோஃபர் பெயரிலான அறக்கட்டளையிடம் இருக்கிறது.  டி.வி.எஸ். குடும்பம் பல தலைமுறைகள் ஒரே குடையின் கீழ் இருந்துவிட்டு, அண்மை ஆண்டுகளில் அவரவர் நடத்திய நிறுவனங்கள் அவரவருக்கு என்று சட்டப்படி பிரித்துக்கொண்டது. நீதிமன்றச் சண்டையாக இழுக்காமல் பேசி முடித்ததே பெரிய காரியம். மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால், ஒரு அறக்கட்டளை மேடையில் நின்றுகொண்டு இரண்டாவதைச் சொல்வது முகஸ்துதியாகிவிடும். ஆனாலும் அதையே சொல்கிறேன். வாங்கிய முதலாளி நல்லவராக இருந்தால் நிறுவனம் பிழைக்கும். பங்கு பிரித்த உறவினர்கள் நிதானமானவர்களாக இருந்தால் பிழைக்கும். இரண்டும் மனிதரைப் பொறுத்தவை. அறக்கட்டளையில் உலை எளிதில் விற்பனைக்கு வராது.

முப்பந்தலில் பல பத்தாண்டுகள் ஓடிய பழைய ஆலைகளை இறக்கிவிட்டு, அதே நிலத்தில் பெரிய இயந்திரங்களை நிறுத்தத் தமிழ்நாடு அரசு கொள்கை வகுத்திருக்கிறது. 13 மீட்டர் இறக்கைகள் கழன்று போகும், 60 மீட்டர் இறக்கைகள் வந்து சேரும். போகிறதற்கும் வருகிறதற்கும் டிரெய்லர் வேண்டும். அந்த வண்டிகள் இங்கே வாரக்கணக்கில் நிற்கும். நிற்கும்போது ஹைட்ராலிக் குழாய் கசியும், சிலிண்டர் சீல் போகும், சட்டத்தில் வெடிப்பு விழும். புது டிரெய்லர் செய்யும் தொழிற்சாலையை நாளைக்கே தொடங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு மூலதனம் வேண்டும், வகை ஒப்புதல் சான்று வேண்டும். ஹைட்ராலிக் சீல் மாற்றவும், கனத்த எஃகுத் தகட்டை முறையாகச் சூடேற்றி வெல்டிங் செய்யவும் தெரிந்த ஒரு பட்டறை ஆரல்வாய்மொழிக்கும் காவல்கிணற்றுக்கும் இடையில் இருந்தால் போதும், வண்டிக்காரர் தானாக வந்து நிற்பார். எங்கே வளைந்தது, எங்கே முறிந்தது என்று அவரே சொல்வார். இங்கே இயந்திரவியல் படிக்கும் மாணவர்களில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து அதைத் தொடங்குவதானால், வெல்டர் தகுதிச் சான்று பெறும் முறையையும் தேவைப்படும் கருவிகளின் பட்டியலையும் எழுதிக் கொடுக்க நான் தயார். கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள்.